படுகளத்தில் முடியும் கதை: போர்க்கதையை ஊர்கூடித் திட்டமிடும் மரபு

சிதம்பரத்திலிருந்து விருத்தாசலம் செல்லும் சாலையில், வெள்ளாற்று அணைக்கட்டை ஒட்டி அமைந்த ஊர் சேத்தியாத்தோப்பு. அதன் தெற்கே வீராணம் ஏரி விரிந்து கிடக்கிறது. முதலாம் பராந்தக சோழனின் பட்டப்பெயர்களுள் ஒன்றான வீரநாராயணன் என்பதைத் தாங்கிய அவ்வேரியை, இராட்டிரகூடரின் படையெடுப்பை எதிர்நோக்கித் திருமுனைப்பாடி நாட்டில் தங்கியிருந்த இளவரசன் இராசாதித்தனின் படைவீரர்களே வெட்டினர் என்று வழங்கிவரும் செய்தி உண்டு. அவ்விளவரசன் 949ஆம் ஆண்டு தக்கோலப் போரில் யானைமேல் இருந்தவாறே மடிந்தான். போருக்குக் காத்திருந்த கைகள் ஏரி வெட்டின என்னும் இச்செய்தியில் வரலாறு எவ்வளவு, கற்பனை எவ்வளவு என்பது ஒருபுறம் இருக்க, போரைத் தனியொருவனின் வீரமாக அன்றிப் பலர் கூடிச் செய்த வேலையாக நினைவுகொள்ளும் மனப்பாங்கு அதில் வெளிப்படுகிறது. அதே மனப்பாங்கே இந்நிலப்பகுதியின் திரௌபதி அம்மன் திருவிழாக்களிலும் தொழிற்படுகிறது.

பழைய தென்னார்க்காட்டு மாவட்டம் திரௌபதி அம்மன் வழிபாடு செறிந்த பகுதி. ஆல்ஃப் ஹில்டபைட்டல் 1988இலும் 1991இலும் வெளியிட்ட இரு பெருந்தொகுதிகள் செஞ்சியையும் மேலச்சேரியையும் இவ்வழிபாட்டின் நடுவிடமாகக் கொண்டு ஆராய்ந்தன. அவற்றிற்குப் பின்னர்த் தமிழ்த்துறைகளில் நிகழ்ந்த ஆய்வுகள் பெரும்பாலும் ஒரே தடத்தில் சென்றன. வில்லிபுத்தூராரின் நூலை மூலமாக வைத்துக்கொண்டு, கூத்தும் சடங்கும் அதிலிருந்து எங்கெங்கு விலகுகின்றன எனக் கணக்கெடுப்பதே அத்தடம். மூலம் உயர்ந்தது, விலகல் அறியாமையால் நேர்ந்தது என்னும் எண்ணம், வெளிப்படையாகச் சொல்லப்படாவிடினும், அக்கணக்கின் அடியில் கிடக்கிறது. இவ்வணுகுமுறை மாறவேண்டியது. திரௌபதி அம்மன் திருவிழா ஒரு காப்பியத்தின் சிதைந்த படியன்று. தெய்வமும் பேயும் வரமும் சாபமும் ஊடாடும் ஒரு போர்க்கதையை, ஓர் ஊர் முழுவதும் கூடித் திட்டமிட்டு, பங்கு பிரித்து, ஆண்டுதோறும் புதிதாக இயற்றும் கூட்டுப்படைப்பு அது. அதற்கெனத் தனி இலக்கணம் உண்டு. வில்லியே இம்மண்ணுக்கு உரியவர். திருமுனைப்பாடி நாட்டுச் சனியூரில் பிறந்து, வக்கபாகை வரபதி ஆட்கொண்டானின் வேண்டுகோளால் பாரதம் பாடியவர். அவர் ஊர்களுக்குக் கதையைக் கொடுத்தார் என்பது போலவே, ஊர்களில் முன்பே வழங்கிய கதையைக் கேட்டு வளர்ந்தார் என்பதும் பொருந்தும். ஏழாம் நூற்றாண்டுக் கூரம் செப்பேடே மண்டபத்தில் பாரதம் வாசிப்பதற்கு நிலம் ஒதுக்கப்பட்டதைக் குறிக்கிறது. வில்லிக்கு ஏழு நூற்றாண்டுகள் முன்பே பாரதம் கேட்கும் செவிகள் தமிழகத்தில் இருந்தன.

திட்டமிடல் எவ்வாறு நிகழ்கிறது என்பதைச் சற்று நின்று காணவேண்டும். சம்பா அறுவடை முடிந்து, களம் ஓய்ந்து, வெயில் ஏறும் காலத்தில்தான் பாரதம் தொடங்க இயலும். பங்குனிக்கும் ஆடிக்கும் இடைப்பட்ட மாதங்களே இதற்கு உரியவை. கோயில் திடலில் ஊர் கூடுகிறது. தலைக்கட்டு வரி எவ்வளவு என்பது முதலில் முடிவாகிறது. அதன் பின்னரே கதை பேசப்படுகிறது. எத்தனை நாள் பிரசங்கம், எத்தனை இரவு கூத்து, எந்த இரவு எவர் உபயம் என்பவை ஒவ்வொன்றாகத் தீர்மானிக்கப்படுகின்றன. கூத்து ஜமாவின் வாத்தியாருக்கு வெற்றிலை பாக்கு கொடுத்து நாள் உறுதி செய்யப்படுகிறது. பிற்பகலில் பாரதப் பிரசங்கி வில்லியின் பாடலை எடுத்து விரித்துரைப்பார். இரவில் அதே பகுதியைக் கட்டியங்காரன் முன்னின்று தொடங்கிவைக்கக் கூத்தர் ஆடுவர். மறுநாட் காலையில் அதே நிகழ்வின் ஒரு துண்டு தெருவில் சடங்காக நடக்கும். ஒரே கதை மூன்று மொழிகளில், மூன்று வகைக் கலைஞர்களால், ஒன்றையொன்று தாங்கிக்கொண்டு நகர்கிறது. பகாசுரன் வதத்தன்று வீமன் வண்டியில் ஏறித் தெருத்தெருவாகச் சோறு வாங்கிச் செல்லும்போது, சோறு போடுகின்ற வீடும் கதைக்குள் வந்துவிடுகிறது. அர்ச்சுனன் தபசில், நட்டுவைத்த பனைமரத்தின் உச்சிக்குப் பாடிக்கொண்டே ஏறும் நடிகர் அங்கிருந்து எறியும் எலுமிச்சம்பழத்தைப் பிள்ளைவரம் வேண்டி மடியேந்தும் பெண்களைப் பார்வையாளர் என்று எவ்வாறு சொல்வது? பாசுபதம் வேண்டி அவன் நோற்கும் தவத்தின் பயனில் பங்கு கேட்டு நிற்கும் பாத்திரங்கள் அவர்கள்.

இங்கு முடிவு குறித்து எவரும் விவாதிப்பதில்லை. வில் வளைப்பு, துகிலுரிதல், கிருஷ்ணன் தூது, அபிமன்யு சண்டை, கர்ண மோட்சம், பதினெட்டாம் போர் என்னும் வரிசை குழந்தைக்கும் தெரியும். முடிவு தெரிந்த கதையில் எழுத்தாளரின் வேலை யாது என்னும் ஐயம் நவீனக் கதைக் கோட்பாட்டில் பயின்றோர்க்கு எழலாம். முடிவைத் தேடும் சுமை நீங்கியதனால்தான் இழப்பை எவ்வாறு தாங்குவது, எவர் கையில் அதை ஒப்படைப்பது என்னும் கடினமான வினாக்களுக்கு ஊரின் முழுக் கவனமும் கிடைக்கிறது.

அரவான் களப்பலியே இதற்குத் தக்க சான்று. வியாச பாரதத்தில் இராவான் பீஷ்ம பருவத்தின் எட்டாம் நாட்போரில் அலம்புசன் என்னும் அரக்கனால் கொல்லப்படுகிறான். அங்கே களப்பலி என்பது இல்லை. தமிழில் ஒன்பதாம் நூற்றாண்டைச் சேர்ந்த பெருந்தேவனாரின் பாரத வெண்பாவிலேயே அவன் போருக்கு முன் காளிக்குத் தன்னைப் பலி கொடுத்துவிடுகிறான். வில்லியும் களப்பலியை ஏற்றுப் பாடுகிறார். ஆகவே தமிழ் மரபின் முன் ஒரே வீரனுக்கு இரண்டு சாவுகள் நின்றன. ஒன்று பழைய கதை விதித்தது. மற்றொன்று கொற்றவை வழிபாட்டில் ஊறிய மண் வேண்டியது. பலர் கூடி எழுதும் எக்கதையிலும் இத்தகைய முரண் தோன்றியே தீரும். ஒருவர் கொன்ற பாத்திரத்தை மற்றொருவர் பின்னர் நடமாடவிட்டிருப்பார். இரண்டில் ஒன்றை அழித்துவிடுவது எளிய வழி. தமிழ் மரபு அதைச் செய்யவில்லை. இரண்டு சாவுகளையும் வைத்துக்கொண்டு, இடையில் ஒரு வரத்தை நிறுத்தியது. பலியான பின்னும் எட்டாம் நாள்வரை வாழ்ந்து களத்தில் வீரனாக மடியும் வரம் பெருந்தேவனாரில் வந்தது. வெட்டுண்ட தலையின் விழிகள் பதினெட்டு நாட்போரையும் கண்டுகொண்டிருக்கும் வரம் ஊர் வழக்கில் நிலைத்தது. மணமாகாதவனுக்கு ஈமக்கடன் செய்ய எவரும் இல்லை என்பதால் ஓர் இரவு மணவாழ்வு வேண்டிய வரத்தை ஏடுகள் அறியா. அது முற்றிலும் மக்கள் இயற்றியது.

இவ்விடத்தில் இயற்கை இறந்த நிகழ்ச்சி கதையின் வேடிக்கைக்காக வரவில்லை என்பது நோக்கத்தக்கது. இருவேறு ஆசிரியர்கள் விட்டுச்சென்ற விளிம்புகளைத் தைக்கும் ஊசியாக அது வருகிறது. மேலும் அது இலவசமாக வருவதில்லை. வரம் ஒவ்வொன்றுக்கும் ஒருவர் விலை கொடுக்கிறார். களப்பலிக்குரிய அமாவாசை நாளைச் சகாதேவன் துரியோதனனுக்கே கணித்துக் கொடுத்துவிட, கண்ணன் ஒருநாள் முன்னதாகத் தருப்பணம் செய்யத் தொடங்குகிறான். திகைத்த சூரியனும் சந்திரனும் அங்கு ஒருங்கே வர, அவர்கள் கூடிய அந்நாளே அமாவாசை ஆகிவிடுகிறது. கடவுளால்கூடப் பஞ்சாங்க விதியைத் தூக்கியெறிய முடியவில்லை. அதன் சொல்லுக்குள் புகுந்தே அதை வளைக்க முடிகிறது. தெய்வத்துக்கும் விதி உண்டு என்னும் இக்கட்டுப்பாடு இல்லாவிடில் போரில் எவர் வெல்வார் என்னும் கவலைக்கே இடமிருந்திராது.

மூன்றாம் வரத்தின் விலையைச் செலுத்துவோர் கூத்தர் அல்லர். உளுந்தூர்ப்பேட்டையை அடுத்த கூவாகத்தில் சித்திரையில் கூத்தாண்டவருக்குத் தாலி கட்டிக்கொண்டு, மறுநாள் அறுத்து, வெண்சேலை உடுத்து அழும் திருநங்கையரே மோகினியின் பங்கை ஏற்கின்றனர். சிதம்பரத்தை அடுத்த கொத்தட்டையிலும் கூத்தாண்டவர் விழா நிகழ்கிறது. கண்ணன் மோகினியாகி ஓரிரவு மணந்தான் என்று கதை சொல்லி நின்றுவிட்ட இடத்தில், மறுநாட் காலையின் கைம்மையை எழுதியவர்கள் இவர்கள். வரலாற்றில் பெயரில்லாத இவ்வாசிரியர்களின் பங்களிப்பை ‘நாட்டார் நம்பிக்கை’ என்னும் ஒரு சொல்லில் அடக்கிவிடுவது ஆய்வு ஆகாது.

போர்மன்னனையும் முத்தால ராவுத்தனையும் இவ்வாறே கருதவேண்டும். பாண்டவர் வெற்றிக்கு இன்றியமையாத வீரகந்தம், வீரசாட்டை முதலியன போர்மன்னனிடம் இருந்தன என்றும், அவற்றைப் பெறக் கண்ணன் கிழவியாகவும் அர்ச்சுனன் விஜயாம்பாள் என்னும் பெண்ணாகவும் உருமாறிச் சென்றனர் என்றும் வழங்கும் கதை வில்லியில் இல்லை. போத்துராசா என்னும் பெயரில் அவன் அம்மன் கோயில்களின் முன் காவலாக நிற்கிறான். அவனோடு இசுலாமியக் காவலனாகிய முத்தால ராவுத்தனும் இடம்பெறுகிறான். செஞ்சியின் அரசியல் வரலாறு கண்ட படைப்பிரிவுகளும் குடிகளும் குருச்சேத்திரத்துக்குள் இடம் கேட்டபோது, ஊர் அவர்களுக்கு வாயிற்காவலைக் கொடுத்தது. புதிதாக வரும் கூட்டாளிக்குக் கதையின் நடுவில் இடமில்லாவிடினும், அவனின்றிக் கதவு திறக்காது என்னும் பொறுப்பைத் தருவது நுட்பமான ஏற்பாடு.

இம்மரபின் வேர் இலக்கணத்திலும் உண்டு. தொல்காப்பியப் புறத்திணையியல், ஆநிரை கவரும் வெட்சியிலேயே விரிச்சியையும் கொற்றவை நிலையையும் வைத்துவிடுகிறது. வாகையில் தேர்க்குரவைகளுக்கு இடம் வகுக்கிறது. போர்ப்பாட்டில் தெய்வமும் பேயும் எங்கு நுழையலாம் என்பது திட்டமிடப்பட்ட செய்தியே. கலிங்கத்துப்பரணியில் செயங்கொண்டார் பேய்களுக்குக் கொடுத்த பணி இன்னும் வரையறுக்கப்பட்டது. அவை போரைக் காளிக்கு எடுத்துரைக்கும். முடிந்தபின் களத்தில் கூழ் அடும். கருணாகரத் தொண்டைமானின் வெற்றியில் அவற்றுக்குப் பங்கு ஏதும் இல்லை. பரணியின் பேய் வரலாற்றைத் தொடாமல் அதன் ஓரத்தில் நின்று சிரிக்கிறது. பாரதக் கூத்தின் தெய்வம் வரலாற்றின் விதியையே வளைக்கிறது. இரண்டும் தமிழ்ப் போர்க்கதையின் செல்லுபடியாகும் வழிகள். ஆனால் ஒரே கதைக்குள் இரண்டையும் விதியின்றிக் கலப்பது கெடுதி.

கூட்டாக எழுதுவதன் இடரையும் பழையோர் அறிந்திருந்தனர். அகத்தியரின் மாணவர் பன்னிருவர் ஆளுக்கொரு படலமாகப் புறப்பொருள் இலக்கணம் செய்தனர் என்றும், அதுவே பன்னிருபடலம் என்றும், ஐயனாரிதனாரின் புறப்பொருள் வெண்பாமாலைக்கு அது முதனூல் என்றும் மரபு கூறும். போரைப் பன்னிரண்டு துண்டாக்கிப் பன்னிருவரிடம் கொடுத்த முதல் திட்டம் இது எனலாம். அதில் வெட்சிப்படலம் தொல்காப்பியர் செய்தது என்பதை இளம்பூரணர் ஏற்கவில்லை. வேந்தன் ஏவலால் ஆநிரை கவர்தலே வெட்சி என்று ஓரிடத்தில் கூறியவர், தன்னிச்சையாகக் கவர்தலையும் வெட்சியாகப் பிறிதோரிடத்தில் கூறியிரார் என்பது அவர் வாதத்தின் சாரம். ஒரு பங்காளியின் கொள்கை மற்றோரிடத்தில் மாறுபட்டால் பங்கீடே ஐயத்துக்கு உள்ளாகும் என்பதை இளம்பூரணர் அன்றே கண்டார். ஆளுக்கொரு அத்தியாயம் எனப் பிரித்துக்கொடுத்துப் பின்னர் ஒட்டவைக்கும் முறை படைப்பிலக்கிய வகுப்புகளில் இன்றும் பயிலப்படுகிறது. முதல் அத்தியாயத்தில் இறந்தவன் நான்காம் அத்தியாயத்தில் ஆவியாக வந்து, ஏழாவதில் காரணமின்றி மறைவதை அவ்வகுப்புகளின் ஆசிரியர்கள் நன்கு அறிவர். திரௌபதி அம்மன் விழாவோ அத்தியாயத்தைப் பிரிப்பதில்லை. ஒவ்வொரு நாளையும் பிரசங்கி, கூத்தர், உபயதாரர், சடங்கில் கைவைப்போர் என எல்லாரும் சேர்ந்தே சுமக்கின்றனர். பகிரப்படுவது பணி, கதை அன்று.

இம்மரபு கடல் கடந்தும் சிதையவில்லை. சிங்கப்பூர் ஸ்ரீ மாரியம்மன் கோயில் தீமிதிக்கு முன் பாரத நிகழ்ச்சிகள் வரிசையாகச் சடங்கில் வருகின்றன. இலங்கையின் கிழக்கே பாண்டிருப்புத் திரௌபதை அம்மன் கோயிலில் பதினெட்டு நாள் விழாவும் தீமிதிப்பும் உண்டு. மெய்யான போரைத் தன் வாசலில் கண்ட அக்கரையோரத்தில் வனவாசமும் களப்பலியும் என்ன பொருள் பெற்றன என்பது தனி ஆய்வுக்கு உரியது.

ஆயின் ஊர்கூடிச் செய்வது என்னும்போது, ஊர் என்பது எவர்? இவ்வினாவைத் தவிர்த்துவிட்டு இம்மரபைப் புகழ்வது நேர்மையாகாது. விழுப்புரம் மாவட்டம் மேல்பாதி தர்மராஜா திரௌபதி அம்மன் கோயிலில் பட்டியல் சாதியினர் நுழைவு மறுக்கப்பட்டதால் எழுந்த பூசலின் விளைவாக, 2023 ஜூன் மாதத்தில் கோயில் முத்திரையிடப்பட்டது. 2024 மார்ச்சில் உயர்நீதிமன்ற ஆணைப்படி பூசைக்காக மட்டும் திறக்கப்பட்டது. சபையில் இழுத்துவரப்பட்டு நீதி கேட்டவளின் கோயிலில் இது நிகழ்ந்தது. தலைக்கட்டு வரியில் எவர் பெயர் இல்லையோ அவர் வீட்டுக்கு வீமனின் வண்டி வராது. இசுலாமியக் காவலனுக்குக் கதையில் இடம் தேடித்தந்த அதே ஊர், பக்கத்துத் தெருவுக்கு இடம் தர மறுக்கும்போது, குறை கதையில் இல்லை, கூட்டத்தில் இருக்கிறது. பங்குப் பட்டியலை மாற்றுவதற்குக் கதையின் இலக்கணம் தடையன்று, முன்மாதிரியே என்பதை ஆய்வாளர் எடுத்துக்காட்டல் வேண்டும். வழக்கம் என்னும் சொல்லை அரணாக்கிக்கொள்வோர்க்கு ஆய்வேடுகள் துணைபோகலாகாது.

மற்றொரு கவலை சுருக்கம் பற்றியது. செலவும் நேரமும் கருதிப் பல ஊர்களில் விழா பத்து நாளாகக் குறைகிறது. குறையும்போது முதலில் விடுபடுவது பிற்பகற் பிரசங்கம். அடுத்து ஓரிரு கூத்திரவுகள். தீமிதி மட்டும் விடுபடுவதில்லை. நடைமுறையில் இது இயல்பே. எனினும் போரின் காரணம் நீங்கி, அதன் நெருப்பு மட்டும் எஞ்சுகின்ற நிலை கதைக்கு நல்லதன்று. சுருக்கியே ஆகவேண்டிய ஊர், எதை விடலாகாது என்பதைப் பிரசங்கியையும் வாத்தியாரையும் வைத்துக்கொண்டு முடிவு செய்வது நன்று. துகிலுரிதலை விட்டுவிட்டுப் படுகளத்துக்கு வரும் ஊரில் கூந்தல் முடிப்புக்குப் பொருள் ஏது?

படுகளத்தன்று காலையில் திடலில் மல்லாந்து கிடக்கும் துரியோதனனின் மண்ணுருவமே விழாவின் மிகப்பெரிய உருவம். பாண்டவர் ஐவருக்கும் அத்துணைப் பெரிய உருவம் இல்லை. அதைச் சுற்றி வீமனும் துரியோதனனும் வேடமிட்டு ஓடுவர். தொடையில் புதைத்த செந்நீர் கதையடியில் வெளிப்பட, அதைத் தொட்டுத் திரௌபதியின் கூந்தல் முடிக்கப்படும். அதோடு நிற்பதில்லை. பெருந்திருவாளும் காந்தாரியும் வந்து விழுந்து ஒப்பாரி வைப்பர். முறமும் துடைப்பமும் அக்காட்சியில் வரும். வென்றவரின் ஊர் தோற்றவனின் தாய்க்கும் மனைவிக்கும் ஒரு காலைப்பொழுது முழுவதையும் ஒதுக்கிவைக்கிறது. போர்க்கதையைத் திட்டமிடுவோர் பெரிதும் மறக்கும் பங்கு இதுவே.

அவ்வொப்பாரியின் சொற்கள் வில்லியின் நூலிலிருந்து வந்தவையல்ல. வாத்தியார்கள் கையெழுத்தில் வைத்திருக்கும் நோட்டுகளிலும், நோட்டில் ஏறாத நாவுகளிலும் அவை இருக்கின்றன. 1929இல் நிறுவப்பட்ட அண்ணாமலைப் பல்கலைக்கழகம் இவ்வூர்களிலிருந்து ஒரு பேருந்துப் பயணத் தொலைவில் உள்ளது. தஞ்சையில் தமிழ்ப் பல்கலைக்கழகம் 1981 முதல் இயங்குகிறது. அந்நோட்டுகளைத் திரட்டிப் படியெடுக்கும் பணி தொடங்கும்போது, அட்டவணையில் ஆசிரியர் என்னும் கட்டத்தில் ‘வில்லிபுத்தூரார், தழுவல்’ என்றோ ‘ஆசிரியர் பெயர் தெரியவில்லை’ என்றோ நிரப்பும் வழக்கம் கைவிடப்படவேண்டும். ஜமாவின் பெயர், வாத்தியாரின் பெயர், அவருக்குக் கற்பித்தவரின் பெயர், எந்த ஊரின் எந்த ஆண்டுத் திருவிழாவில் எந்த இரவில் பாடப்பட்டது என்பவை அக்கட்டத்தில் இடம்பெறுதல் வேண்டும். கட்டம் போதாதெனில் கட்டத்தைப் பெரிதாக்கலாம்.